கோப்ரா ரெப்ளிகாவ குளிருக்கு மூடி வைக்கிறதுக்கு முன்னாடி

இங்கிலாந்துல கோப்ரா ரெப்ளிகா (1960கள்ல வந்த ஏசி கோப்ரா ஸ்போர்ட்ஸ் காரோட நகல்) வெச்சிருக்கவங்க கூட்டம் ஒரு தினுசு, மே மாசம் ஸ்டோன்லீ கிட் கார் ஷோ, அதாவது பார்ட்ஸா வாங்கி நாமளே பூட்டுற வண்டிங்களோட கண்காட்சி, வந்துட்டா ஒருத்தரையும் பிடிக்க முடியாது, எல்லாம் ரோட்டுலதான். நவம்பர் ஆச்சுன்னா ஆளாளுக்கு கராஜுக்குள்ள போயிடுவாங்க, கேட்ட கேள்விக்கு பொறுமையா பதில் கிடைக்கிறதும் அப்பதான். அதனால சந்தேகத்தயெல்லாம் ஜனவரிலயே கேட்டுடுங்க, ஏப்ரல்ல கேட்டா "அப்புறம் பாக்கலாம்"தான்.

பாடி ஃபைபர்கிளாஸ், துருப்பிடிக்காதுன்னு அசால்ட்டா இருக்காதீங்க, அடியில இருக்க சேஸி இரும்பு, குளிர்ல ஐஸ் உருகட்டும்னு ரோட்டுல கொட்டுற உப்பு அதைத்தான் தின்னும், கடைசி ரவுண்டு முடிஞ்சதும் அடிப்பக்கம் பைப் வெச்சு கழுவி நல்லா காயவிட்டுடுங்க.

அப்புறம் பெட்ரோல். 2021 செப்டம்பர்ல இருந்து அங்க சாதா பெட்ரோல்னா இ10, அதாவது 10% வரைக்கும் எத்தனால், அது ஈரத்த இழுக்கும், பழைய ரப்பர் ஹோஸுக்கும் கார்புரேட்டருக்கும் ஆகாது. எத்தனால் 5%க்கு மேல போகாத இ5 சூப்பர் போட்டு டேங்க் ஃபுல் பண்ணிட்டு நிறுத்துங்க. நான் ஒரு வருஷம் சோம்பேறித்தனமா கால் டேங்க் இ10ஓட விட்டுட்டு மார்ச்ல கழட்டி பாத்தா கார்புரேட்டர்ல பெட்ரோல் போற ஜெட்டுல பிசின் மாதிரி அப்பிக்கிடக்கு, ஊசி முனை ஓட்டைங்க அது, ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க அதுக்கே போச்சு 😩

வாரா வாரம் அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி ஆஃப் பண்ற பழக்கம் வேணவே வேணாம், இன்ஜின் சூடாகுறதுக்குள்ள நிறுத்தினா எக்ஸாஸ்ட்ல தண்ணிதான் தேங்கும். பேட்டரிக்கு கண்டிஷனர், அதாவது சார்ஜ் இறங்காம பாத்துக்கிற சார்ஜர், மாட்டுனா போதும்.

அங்க வண்டி பதிவு, டேக்ஸ் பாக்குற டிவிஎல்ஏகிட்ட சோர்ன் (வண்டி ரோட்டுல ஓடலங்கிற அறிவிப்பு) சொல்லிட்டா மிச்சமிருக்க முழு மாசங்களுக்கு டேக்ஸ் திரும்ப வரும், ஆனா வண்டிய தெருவுல நிறுத்தக் கூடாது, ஃபைன்.