மார்கழிக் கச்சேரிக்கு வருகிறீர்களா? பக்கத்து சீட்டில் இருப்பவரையும் தெரிந்துகொள்ளுங்கள்

டிசம்பர் லீவுக்கு ஊருக்குப் போகிறோம், அப்படியே சென்னையில் நாலு கர்நாடக இசைக் கச்சேரி கேட்டுவிட்டு வரலாம் என்று கிளம்புகிற நண்பர்கள் என்னிடம் முதலில் கேட்பது, யார் பாடுகிறார்கள், எந்த சபாவுக்கு, அதாவது கச்சேரி நடத்தும் எந்தச் சங்கத்தின் அரங்கத்துக்குப் போகலாம் என்பதைத்தான். அது பேப்பரில் வந்துவிடும், சபா வாசலில் போர்டும் வைத்திருப்பார்கள். யாரும் சொல்லித் தராதது, உள்ளே போய் உட்கார்ந்த பிறகு சக ரசிகர்களோடு இரண்டரை மணி நேரம் எப்படி இருப்பது என்பது. டொராண்டோவிலிருந்து பன்னிரண்டு மார்கழி வந்து போயிருக்கிறேன். நான் நன்றாகக் கேட்ட கச்சேரிகளில் பாதிக்கு மேல், பக்கத்தில் உட்கார்ந்திருந்த முகம் தெரியாத ஒருவர் எனக்குக் கேட்கக் கற்றுக்கொடுத்த கச்சேரிகள்.

அது தற்செயல் இல்லை. 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாட்டோடு சேர்ந்து ஓர் இசை மாநாடும் நடந்தது, அதன் தொடர்ச்சியாக 1928இல் மியூசிக் அகாடமி வந்தது, அங்கிருந்துதான் இந்த சீசன் வளர்ந்தது. திருவல்லிக்கேணி பார்த்தசாரதி சுவாமி சபா அதற்கும் முந்தியது, 1900. அப்பா கையைப் பிடித்துக்கொண்டு வந்தவர்கள் இன்று பேரனைக் கூட்டிக்கொண்டு வருகிறார்கள். அவர்கள் வீட்டுத் திண்ணையில் போய் உட்காருகிற மாதிரி நினைத்துக்கொண்டு போங்கள், பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

முதல் நாளே சாயங்காலக் கச்சேரிக்கு ஓடாதீர்கள். பெரிய பெயர்கள் பாடும் மாலை நேரத்தில் பெரிய சபாக்களின் முன்வரிசைகள் பெரும்பாலும் உறுப்பினர்களுக்கும் சீசன் டிக்கெட்காரர்களுக்கும் போய்விடும், உங்களுக்குக் கிடைப்பது பின்னால் ஓர் ஓரம். மதியக் கச்சேரிக்குப் போங்கள். பன்னிரண்டு மணிக்கும் இரண்டு மணிக்கும் இளம் கலைஞர்கள் பாடுவார்கள், பல சபாக்களில் அதற்கு டிக்கெட் கிடையாது, கூட்டம் சில சமயம் முப்பது பேர்கூட இருக்காது. இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து மிருதங்கத்தின் வலப்பக்கத் தோலான வலந்தலையில் விரல் விழுவதைப் பார்த்துக்கொண்டே கேட்கலாம். மதியத்தில் வருகிற அந்த முப்பது பேரும் வெறும் பாட்டுக்காக வருகிறவர்கள், தெரியாததைக் கேட்டால் முகம் சுளிக்காமல் சொல்வார்கள். காலையில் அகாடமியில் நடக்கும் செயல்விளக்க உரைகளும் அப்படித்தான், கேட்பதற்கென்றே வருகிற கூட்டம்.

இலவசக் கச்சேரியில் ஒரு தொல்லை உண்டு, துண்டு போட்டு இடம் பிடிப்பது. கைக்குட்டை, தண்ணீர் பாட்டில், மஞ்சள் பை, மடித்த பேப்பர், எல்லாம் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும். அதை எடுத்துக் கீழே வைத்துவிட்டு உட்காராதீர்கள், சண்டை வரும், அதுவும் பாடகர் வார்த்தை இல்லாமல் ராகத்தை விரித்துப் பாடும் ஆலாபனை நடுவில் வரும். பக்கத்தில் இருப்பவரிடம் "சார், இங்க யாராவது வராங்களா?" என்று கேளுங்கள். வருகிறார்கள் என்றால் சரி என்று பின்வரிசையில் உட்காருங்கள். முதல் பாட்டாக வரும் வர்ணம் முடிந்தும் அந்த இடம் காலியாக இருந்தால் கைதட்டலின்போது போய் இன்னொரு தடவை கேளுங்கள். இரண்டாவது தடவை எனக்கு யாரும் இல்லை என்று சொன்னதில்லை.

எப்படிக் கூப்பிடுவது என்று நம் பிள்ளைகள் திணறுகிறார்கள். வயதானவர்களை சார், ஐயா, அம்மா என்றாலே போதும். சபாக்களில் மாமி, மாமா என்று நிறையக் காதில் விழும், வாயில் இயல்பாக வந்தால் சொல்லுங்கள், வராவிட்டால் அம்மாவே நல்லது. பேர் சொல்லியோ 'ஆன்ட்டி' என்றோ ஆரம்பிக்க வேண்டாம். இன்னொன்றும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். இடைவெளியில் "எந்த ஊர், பூர்வீகம் எங்க" என்று கேட்பார்கள். பெரும்பாலும் பிரியத்தில் கேட்பதுதான், ஆனால் சில நேரம் கேள்வி ஊரைத் தாண்டி ஜாதியை நோக்கி நகரும். யாழ்ப்பாணத்திலிருந்து போன என் நண்பர் ஒருவருக்கு இது முதல் தடவை ரொம்ப வலித்தது. நீங்கள் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் இல்லை. அம்மாவின் ஊரைச் சொல்லிவிட்டு, "இப்ப பாடினது என்ன ராகம்?" என்று திருப்பிவிடுங்கள். ராகத்தைக் கேட்டால் பேச்சு உடனே அந்தப் பக்கம் போய்விடும்.

ராகம் கேட்பது பற்றி ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். மயிலாப்பூரில் ஒரு மதியம், பக்கத்தில் எழுபதைத் தாண்டிய ஒரு பெரியவர், மடியில் நாற்பது பக்க நோட்டு, கட்டம் போட்டு உருப்படி (பாட்டு), ராகம், தாளம் என்று எழுதிக்கொண்டே வந்தார். ஆலாபனை ஆரம்பித்ததும் நான் மெதுவாக "பந்துவராளியா?" என்றேன். அவர் வாயைத் திறக்கவில்லை. விரலை மட்டும் தூக்கிப் பொறு என்று காட்டினார். ஆலாபனை முடிந்து கை தட்டும்போதுதான் நோட்டை என் பக்கம் திருப்பினார். 'பூர்விகல்யாணி' என்று எழுதி, கீழே 'தைவதம்' என்று இரண்டு கோடு போட்டிருந்தது. இரண்டு ராகத்திலும் ரிஷபம், மத்யமம் என்ற ஸ்வரங்கள் ஒன்றுதான், தைவதம் என்ற ஸ்வரம்தான் வேறு, பந்துவராளியில் சுத்த தைவதம், இதில் அதைவிடச் சற்று உயர்ந்த சதுச்ருதி. "அந்த ஒரு இடத்துல காத வச்சுக்கோங்கோ" என்றார். அன்றைக்கு வயலின் அதே ராகத்தை வாசிக்கும்போது எனக்கு அந்த ஒரு ஸ்வரம் தனியாக வந்து காதில் உட்கார்ந்தது. கற்றுக்கொண்டது இரண்டு: தைவதம் ஒன்று, கேள்வியைக் கைதட்டல் வரைக்கும் வைத்திருப்பது இன்னொன்று.

வயலின் என்றதும் சொல்ல வேண்டியது. பாடகர் ஆலாபனையை முடித்ததும் வயலின்காரர் அதே ராகத்தை வாசிப்பார், அப்போது அரங்கத்தில் பாதிப் பேர் பேச ஆரம்பித்துவிடுவார்கள். நீங்கள் பேசாதீர்கள். வயலினுக்கும் கை தட்டுங்கள்.

தாளம் போடுவது உங்களுக்கு விநோதமாகத் தெரியலாம், சுற்றி இருக்கிற அத்தனை பேரும் தொடையில் தட்டிக்கொண்டிருப்பார்கள். தாராளமாக நீங்களும் போடலாம். ஆதி தாளம் என்றால் ஒரு தட்டு, பிறகு சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல், அப்புறம் தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு, மொத்தம் எட்டு. தவறினால் பக்கத்துக் கையைப் பார்க்காதீர்கள், அதுவும் தவறியிருக்கலாம், மேடையில் பாடகரின் கையைப் பாருங்கள். சத்தம் வராமல் போடுவதுதான் முக்கியம். மோதிரம் போட்ட கையால் நாற்காலிக் கைப்பிடியில் தட்டினால் மூன்று வரிசைக்குக் கேட்கும்.

கூடவே பாடுகிறவர்கள் உண்டு, அதுதான் பெரிய சோதனை. பாட்டு கற்றுக்கொண்ட ஓர் அம்மா, தெரிந்த கீர்த்தனை வந்ததும் தன்னை மறந்து அடிக்குரலில் சேர்ந்துகொள்வார். அவர் உள்ளே இருக்கிற சந்தோஷம் புரிகிறது, ஆனாலும் நீங்கள் இருபது மணி நேரம் விமானத்தில் உட்கார்ந்து வந்தது மேடையில் பாடுகிறவரைக் கேட்க. 'உஷ்' என்று திரும்ப வேண்டாம், அவமானமாகிவிடும். அந்தப் பாட்டு முடிந்ததும் குனிந்து, "அம்மா, எனக்கு மேடைல பாடறது சரியா கேக்கல, கொஞ்சம் மெதுவா" என்று சொல்லுங்கள். நான் நாலைந்து தடவை சொல்லியிருக்கிறேன், ஒருவர்கூடக் கோபித்துக்கொள்ளவில்லை, ஒருவர் என் கையைப் பிடித்து மன்னிப்பே கேட்டார். செல்போனில் "கச்சேரில இருக்கேன், அப்பறம் பேசறேன்" என்று மூன்று நிமிடம் பேசுகிறவருக்கு மட்டும் நேராகவே வெளியே கையைக் காட்டிவிடலாம். உங்கள் போனையும் தூக்கிப் பிடித்து வீடியோ எடுக்காதீர்கள், பல சபாக்களில் தடை, பின்னால் இருப்பவருக்கும் மேடைக்குப் பதில் உங்கள் திரை தெரியும்.

இனி நான் மனதார வேண்டிக்கேட்கிற ஒன்று. மெயின் பாட்டு, அதன் ஒரு வரியை விதவிதமாகப் பாடும் நிரவல், ஸரிகம என்று பாடும் ஸ்வரம் எல்லாம் முடிந்து பாடகர் தாள வாத்தியங்களுக்கு இடம் விட்டு அமர்கிற நேரம்தான் தனி ஆவர்த்தனம். அந்த நிமிடம் அரங்கத்தில் ஒரு கூட்டம் எழுந்துகொள்ளும், கான்டீனுக்கும் பாத்ரூமுக்கும். என் முதல் வருஷம் எல்லோரும் போகிறார்களே என்று நானும் எழுந்து போனேன். கதவருகில் திரும்பிப் பார்த்தேன். மிருதங்கக்காரர் காலியாகிற வரிசைகளைப் பார்த்துக்கொண்டே வாசித்துக்கொண்டிருந்தார். இரண்டு மணி நேரம் இன்னொருவர் பாட்டுக்குத் தோள் கொடுத்துவிட்டு, தனக்கென்று கிடைக்கிற அந்தப் பத்துப் பதினைந்து நிமிடத்துக்காகக் காத்திருந்த மனிதர் அவர். அதற்குப் பிறகு நான் ஒரு தனிக்கும் எழுந்ததில்லை. மிருதங்கம் ஒரு சுற்று, கடம் அல்லது கஞ்சிரா ஒரு சுற்று, அப்புறம் சுற்றுகள் சின்னதாகிக்கொண்டே வந்து இரண்டும் சேர்ந்து மோரா என்ற முத்தாய்ப்பு வாசித்து, கோர்வை என்ற கடைசிக் கணக்கில் முடிகிற இடம், தாளம் போட்டுக்கொண்டே கேட்டால் உடம்பு சிலிர்க்கும். குழந்தையோடு வந்தால், அவசரம் என்றால், மெயினுக்கு முன்னால் போய்விட்டு வாருங்கள். சீக்கிரம் கிளம்ப வேண்டியவர் என்றால் முதலிலேயே பின்வரிசை ஓர சீட்டில் உட்காருங்கள், கைதட்டலின்போது எழுந்திருங்கள்.

சாப்பாடு பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, கான்டீன் வரிசையே வழி காட்டும். கச்சேரி முடிந்தபிறகு போங்கள், நின்றுகொண்டே ரவா தோசை சாப்பிடும் மேஜையில் கேட்ட கச்சேரியை அலசுவார்கள், சேர்ந்துகொள்ளலாம். ஒரு மெல்லிய சால்வை கொண்டுபோங்கள், ஏசி சில அரங்கங்களில் நடுக்கும். டிடிகே சாலையில் அகாடமியும் நாரத கான சபாவும் நடந்து போகிற தூரம்தான், அந்த நேரத்து நெரிசலில் ஆட்டோவை விட நடையே சுகம்.

தெலுங்குக் கீர்த்தனைகளோடு ஒட்டவில்லை, தமிழ்தான் வேண்டும் என்றால் பாரிமுனைப் பக்கம் ராஜா அண்ணாமலை மன்றத்துக்குப் போங்கள். 1943இல் தொடங்கிய தமிழ் இசைச் சங்கம் அங்கே டிசம்பரில் விழா நடத்துகிறது, கூடவே பண், அதாவது பழந்தமிழ் ராகங்கள் பற்றிய ஆராய்ச்சியும் உண்டு. அங்கே வருகிற கூட்டமே வேறு மாதிரி, தேவாரம் தெரிந்தவர்கள், ஓதுவார்கள், தமிழாசிரியர்கள். பாட்டின் பொருள் தெரிந்து தலையாட்டுகிறவர்கள் நடுவில் உட்கார்ந்து கேட்பது தனிச் சுகம்.

ஜனவரி வரைக்கும் இருந்தால் திருவையாறு. தியாகராஜர் மறைந்த திதியான புஷ்ய பகுள பஞ்சமி அன்று காவிரிக் கரையில் தியாகராஜ ஆராதனை, தஞ்சாவூரிலிருந்து பக்கம். இங்கே மேலே சொன்ன ஒரு விஷயம் தலைகீழ்: கூடப் பாடலாம், பாட வேண்டும். நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்ற ராகங்களில் உள்ள அவருடைய ஐந்து பஞ்சரத்தினக் கீர்த்தனைகளையும் கலைஞர்கள் சேர்ந்து பாட, சுற்றி உட்கார்ந்த கூட்டம் புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு கூடவே பாடும். பெண்களுக்கு அங்கே பாட இடமில்லாத காலத்தில் பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள் போராடித்தான் அந்த வழி திறந்தது. தரையில்தான் உட்கார வேண்டும், விடியற்காலையிலேயே போய்விடுங்கள், விரிப்பு எடுத்துக்கொள்ளுங்கள், முழங்கால் இடிக்கிறது என்று பக்கத்தில் இருப்பவரிடம் கோபப்படாதீர்கள், எல்லோருக்கும் இடிக்கும்.

சென்னையில் கச்சேரி முடிவில், துக்கடாக்கள் என்ற சின்னப் பாட்டுகள் முடிந்து சௌராஷ்டிர ராகத்தில் நிறைவுப் பாட்டான மங்களம் ஆரம்பித்ததும் செருப்பைத் தேட ஓடாமல் அந்த ஒரு நிமிடம் உட்காருங்கள். அப்புறம் விளக்குப் போட்டதும் பக்கத்தில் இருப்பவர் திரும்பி, "நாளைக்கு எங்க?" என்று கேட்பார். அதற்குப் பதில் சொல்ல மறுநாள் பட்டியலைக் கையில் வைத்திருங்கள், நீங்களும் அவரைத் திருப்பிக் கேளுங்கள். முப்பது வருஷமாக மதியக் கச்சேரி கேட்டவர் போகச் சொல்லுகிற சின்ன அரங்கம் எந்தப் பேப்பரிலும் பெரிய எழுத்தில் வராது.