ஸ்டாக் வீடியோவுக்கு எதை எடுப்பது? புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு

ஸ்டாக் வீடியோ என்பது, மற்றவர்கள் தங்கள் வீடியோவில் சேர்த்துக்கொள்ள வாங்கும் தயார்நிலைக் குறுங்கிளிப். கேமரா இருக்கிறது, அவற்றை விற்கும் தளங்களான அடோபி ஸ்டாக்கிலோ ஷட்டர்ஸ்டாக்கிலோ கணக்கும் தொடங்கியாயிற்று. அடுத்தது எதை எடுப்பது என்ற கேள்வி. பலரும் இங்கேதான் நின்றுவிடுகிறார்கள், அல்லது நான் செய்ததுபோல நேராக மெரினாவுக்குப் போய்ச் சூரிய உதயத்தை எடுக்கிறார்கள். நாற்பது கிளிப் ஏற்றினேன், ஒன்றுகூட நகரவில்லை. உதயம் அழகாகத்தான் வந்திருந்தது. ஆனால் உலகம் முழுக்க எல்லாக் கடற்கரையிலும் அதே சூரியன்தானே உதிக்கிறது? என்னுடையதைத் தேடி வாங்க ஒருவருக்கும் காரணம் இல்லை. அதற்குப் பிறகு நான் பழகிக்கொண்ட முறையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1. வாங்குபவரிடமிருந்து தொடங்குங்கள்

ஸ்டாக் வீடியோ வாங்குபவர் பெரும்பாலும் ஒரு எடிட்டர். செய்தித் தொகுப்போ, காப்பீட்டு விளம்பரமோ, யூடியூப் விளக்க வீடியோவோ, ஏதோ ஒன்று அவர் டைம்லைனில் இருக்கிறது. பின்னணிக் குரல் ஓடிக்கொண்டிருக்கிறது, அதன்மேல் வைக்க ஐந்தாறு நொடிப் படம் இல்லை. அந்த ஓட்டையை அடைப்பதுதான் நம் வேலை.

ஆகவே ஒரு பயிற்சி. காலையில் செய்தித்தாளை எடுத்து ஒவ்வொரு தலைப்புக்கும் "இதைச் சொல்லும்போது திரையில் என்ன ஓடவேண்டும்?" என்று கேட்டு, பதிலை நோட்டில் எழுதுங்கள். தக்காளி விலை ஏறியிருக்கிறதா? தராசில் தக்காளி விழுவது, பையை விரித்துப் பிடிக்கும் கை, காய்களைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பவும் கூடையிலேயே வைக்கும் விரல்கள். தண்ணீர்ப் பஞ்சமா? 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டபோது சென்னையின் பிளாஸ்டிக் குட வரிசை உலகச் செய்திகளிலெல்லாம் வந்தது. தண்ணீரைப் பற்றி யார் எப்போது பேசினாலும் அப்படி ஒரு படம் தேவைப்படும். பத்து நாள் செய்தால் நோட்டில் நூறு வரி சேர்ந்துவிடும்.

2. பெயர்ச்சொல் வேண்டாம், வினைச்சொல் எழுதுங்கள்

இதுதான் எனக்கு அதிகம் கைகொடுத்த வழி. "பூக்கடை" என்று எழுதினால் போய் நின்று கடையை ஒரு ஷாட் எடுத்துவிட்டு வந்துவிடுவோம். "கட்டுதல், முழம் போடுதல், தண்ணீர் தெளித்தல், நாரைக் கிள்ளுதல், இலையில் சுற்றுதல்" என்று எழுதிப் பாருங்கள், ஒரே கடையில் ஐந்து கிளிப் கிடைக்கிறது. வீட்டிலும் அப்படித்தான்: அரைத்தல், புடைத்தல், தாளித்தல், ஆற்றுதல், மடித்தல், கோலமிடுதல். உங்கள் தெருவில் ஒரு கிலோமீட்டருக்குள் நடக்கும் வினைச்சொற்களை மட்டும் ஒரு பக்கம் எழுதுங்கள். வெளியூரிலிருந்து வரும் கேமராக்காரருக்கு இதில் பாதி கண்ணிலேயே படாது.

3. தளத்தில் தேடிப் பாருங்கள்

எழுதியதை ஆங்கிலத்தில் தட்டி, அடோபி ஸ்டாக், ஷட்டர்ஸ்டாக், பாண்ட்ஃபைவ் மூன்றிலும் வீடியோ மட்டும் தேடுங்கள். எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு நிறுத்தாமல் முதல் இரண்டு பக்கத்தையாவது நிதானமாகப் பாருங்கள். எல்லாமே மேலிருந்து எடுத்ததா? செட் போட்டு எடுத்ததா? இந்தியச் சமையல் என்று தேடினால் நம் வீட்டு அடுப்படி எங்கே இருக்கிறது? எது அங்கே இல்லையோ, அல்லது இருந்தும் தப்பாக இருக்கிறதோ, அதுதான் உங்கள் பட்டியலில் மேலே போகவேண்டும். தேடல் பெட்டியில் தட்டும்போது தானாக வரும் பரிந்துரைகளையும் குறித்துக்கொள்ளுங்கள்.

4. ஒரு யோசனையைப் பலவாக உடையுங்கள்

சரி, இட்லியை எடுத்துக்கொள்வோம். தட்டில் இட்லி சட்னியோடு இருக்கும் படம் வேண்டிய அளவு இருக்கிறது. பானை மூடியைத் திறக்கும் அந்த நொடியை எடுங்கள். ஆவி கேமராவில் தெரிய வெளிச்சம் பின்பக்கமாகவோ பக்கவாட்டிலோ வரவேண்டும், அதன் பின்னணி இருட்டாக இருக்கவேண்டும். பக்கத்து ஜன்னலைத் திறந்துவிட்டு, பின்சுவரில் ஒரு கறுப்புப் போர்வையைத் தொங்கவிட்டாலே போதும். மூடி திறந்ததும் ஆவி சுருண்டு மேலே போவதை ஸ்லோமோஷனில் ஒன்று. தட்டைக் கவிழ்த்து, ஈரத்துணியின்மேல் தண்ணீர் தெளித்து, துணியை மெல்ல உரிக்கும்போது இட்லி ஒவ்வொன்றாகப் பிரிந்துவரும், அது நெருக்கத்தில் ஒன்று. மாவு ஊற்றும் கரண்டி, விரிகிற துணி, அடுப்பின் நீலச்சுடர், அப்புறம் எழுத்து போட ஒரு பக்கம் காலியாக விட்ட வைடு ஷாட், போனுக்கு நின்றவாக்கில் ஒன்று. ஒரு காலைப் பலகாரத்தில் ஏழு கிளிப் ஆயிற்று.

ஒவ்வொன்றும் 5 நொடிக்குக் குறையாமல், 60 நொடிக்கு மேல் போகாமல் இருக்கட்டும். கேமரா ட்ரைபாடிலேயே இருக்கட்டும். டியூப்லைட், எல்இடி வெளிச்சத்தில் எடுத்தால் 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 வையுங்கள், நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதற்குப் பொருந்தாவிட்டால் படத்தில் பட்டை ஓடும்.

5. காலண்டரை முன்கூட்டியே பாருங்கள்

பொங்கல் படம் தேடுபவர் நவம்பர், டிசம்பரிலேயே தேட ஆரம்பித்துவிடுவார். ஆகவே இந்தப் பொங்கலுக்கு எடுப்பது அடுத்த பொங்கலுக்கு விற்க. வடகிழக்குப் பருவமழை, மார்ச் பொதுத்தேர்வு, ஜூனில் பள்ளி திறப்பு என்று எல்லாவற்றுக்கும் இரண்டு மூன்று மாதம் முன்பே கிளிப் தளத்தில் இருக்கவேண்டும்.

6. எடுக்கும் முன்பே சலித்துவிடுங்கள்

நல்ல யோசனை பலவும் விழுவது இங்கேதான். முகம் அடையாளம் தெரிந்தால் மாடல் ரிலீஸில் (படத்தில் இருப்பவர் தரும் சம்மதப் படிவம்) கையெழுத்து வேண்டும், சிறுவர் என்றால் பெற்றோரோ பாதுகாவலரோ போடவேண்டும். எடைமெஷினில், சட்டையில், எண்ணெய் பாக்கெட்டில் லோகோ இருந்தால் திருப்பி வையுங்கள் அல்லது கறுப்பு டேப் ஒட்டுங்கள். கையில் பச்சை குத்தியிருந்தால் அதற்கும் கேள்வி வரும். ரிலீஸ் வாங்க முடியாத தெருக்காட்சி, ஊர்வலம் என்றால் ஷட்டர்ஸ்டாக்கில் எடிட்டோரியலாக, அதாவது செய்தி, தகவல் பயன்பாட்டுக்கு மட்டும் என்று, இடமும் தேதியும் எழுதி அனுப்பலாம், விளம்பரத்துக்குத்தான் போகாது. மாமல்லபுரம்போலத் தொல்லியல் துறை பராமரிக்கும் இடங்களில் ட்ரைபாட் வைக்க முன்அனுமதி வேண்டும்.

ஆனால் ரிலீஸ் தேவைப்படாத இடத்திலும் கேட்டுவிட்டுத்தான் எடுக்கவேண்டும். எங்கள் தெருமுனைப் பூக்கார அக்காவிடம் முதலில் இரண்டு முழம் வாங்கினேன், அப்புறம் "அக்கா, உங்க கையை மட்டும் எடுத்துக்கட்டுமா, முகம் வராது" என்று கேட்டேன். "கையில என்னப்பா இருக்கு எடுக்கறதுக்கு" என்றார். எடுத்ததைப் போனிலேயே காட்டினேன். விரல்கள் நாரைச் சுற்றி முடிச்சுப் போட்டு இழுக்கும் வேகத்தை அவர் அதுவரை பார்த்ததே இல்லை. நான்கு மல்லிகை, ஒரு சுற்று, ஒரு இழுப்பு, கண் சிமிட்டுவதற்குள் முடிந்துவிடுகிறது. நான் விற்ற முதல் கிளிப் அதுதான்.

7. கீவேர்டு, பிறகு மறுசுற்று

தலைப்பை ஆங்கிலத்தில் நேராக எழுதுங்கள்: யார், என்ன செய்கிறார், எங்கே. தேடலில் கிளிப் அகப்பட நாம் கொடுக்கும் சொற்கள்தான் கீவேர்டு. அடோபியில் முதல் பத்து கீவேர்டுகளுக்குத்தான் மதிப்பு அதிகம், வினைச்சொற்களை அங்கேயே போடுங்கள். பணத்தைப் பொறுத்தவரை அடோபி வீடியோவுக்கு விற்ற விலையில் 35 சதவீதம் தருகிறது, ஷட்டர்ஸ்டாக்கில் எத்தனை விற்கிறது என்பதைப் பொறுத்து 15 சதவீதத்திலிருந்து 40 வரை படிப்படியாக ஏறும், அந்தப் படிநிலை ஒவ்வொரு ஜனவரியிலும் மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

ஏதாவது ஒன்று விற்றால் அங்கேயே நின்று அதைச் சுற்றி எடுங்கள். மல்லிகை விற்றதும் நான் அதே அக்காவிடம் போய்ச் சாமந்தி, கனகாம்பரம், கதம்பம், மழைநாளில் பிளாஸ்டிக் ஷீட்டுக்கு அடியில் உட்கார்ந்து கட்டுவது என்று எல்லாம் எடுத்தேன். இப்போது கேமராவைப் பார்த்ததும் வெளிச்சம் இருக்கிற பக்கமாக அவரே திரும்பி உட்கார்ந்துகொள்கிறார்.