கிளை நூலகத்தில் ஒரு குடும்ப வரலாற்று நாள்: முதன்முறை நடத்துபவர்களுக்கு

தாத்தாவின் அப்பா பெயர் என்ன என்று கேட்டால் நம்மில் பலர் அம்மாவுக்குப் போன் போடுவோம். அம்மா பெரியப்பாவுக்குப் போடுவார். அந்தப் பெரியப்பாவுக்கு வயது எண்பது. அவரைப் போல நாற்பது பேரை ஒரு காலைப்பொழுது ஒரே இடத்தில் உட்காரவைத்து, அவர்கள் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வதுதான் இந்த நிகழ்ச்சி. ஊர்க் கிளை நூலகம் இதற்குத் தோதான இடம். மேசை, நாற்காலி, மின்விசிறி எல்லாம் இருக்கிறது. யார் வீட்டு வாசலும் இல்லை என்பதால் யாரும் தயங்காமல் படியேறி வருவார்கள்.

முதல்முறை நாங்கள் புரொஜெக்டர் வைத்து, வம்சாவளி என்றால் என்ன என்று முக்கால் மணி நேரம் உரை நிகழ்த்தினோம். முன்வரிசைப் பாட்டி ஒருவர் பொறுத்துப் பார்த்துவிட்டு, “தம்பி, எங்க ஆளுக பேரை எப்ப எழுதுவீக?” என்றார். அடுத்த தடவை உரையே இல்லை. வருகிற ஒவ்வொரு குடும்பமும் மூன்று தலைமுறை எழுதிய ஒரு தாளோடு வெளியே போக வேண்டும். அதற்கு உதவாத எதையும் அன்றைக்கு வைக்காதீர்கள்.

படி 1: இடமும் நாளும்

முதலில் நூலகரிடம் பேசுங்கள். வாசகர் வட்டம் இயங்குகிற நூலகம் என்றால் பாதி வேலை முடிந்தது. மாவட்ட நூலக அலுவலருக்கு அனுமதிக் கடிதம் தர வேண்டியிருந்தால் அவர்களே எழுதித் தருவார்கள். முகூர்த்த நாளைத் தவிர்த்துவிடுங்கள். கோயில் கொடைக்கோ பொங்கலுக்கோ வெளியூர்க்காரர்கள் வந்திருக்கும் வாரம் நல்லது. காலை பத்து முதல் ஒரு மணி வரை போதும். பெரியவர்களுக்கு அதற்கு மேல் சாப்பாடு, மாத்திரை இருக்கிறது.

படி 2: நோட்டீஸ்

என்ன கொண்டுவர வேண்டும் என்பதைப் பெரிய எழுத்தில் போடுங்கள்: பழைய கல்யாணப் பத்திரிகை, ஜாதக நோட்டு, கிரயப் பத்திரத்தின் நகல், மொய் நோட்டு, போட்டோ. கல்யாணப் பத்திரிகையைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். இரு வீட்டாரின் தாத்தா பெயர், ஊர், தாய்மாமன் எல்லாம் ஒரே அட்டையில் கிடைக்கும். பழைய பத்திரத்தில் “இன்னார் குமாரன் இன்னார்” என்று அப்பா பெயர் சேர்த்தே எழுதியிருப்பார்கள்.

நோட்டீஸின் கீழே ஒரு வரி கட்டாயம்: “இது சொத்து சம்பந்தமான நிகழ்ச்சி அல்ல.” இல்லாவிட்டால் பாதிப்பேர் பங்காளித் தகராறோடு வருவார்கள், மீதிப்பேர் அதற்குப் பயந்தே வரமாட்டார்கள். வாரிசுச் சான்றிதழ் கேட்பவர்களைத் தாலுகா அலுவலகத்துக்கு அனுப்பிவிடுங்கள்.

படி 3: பெயர் மேசை

இதில்தான் கூட்டம் சேரும். எழுத்து அழகாக உள்ள கல்லூரிப் பிள்ளைகள் நான்கு பேரை உட்கார வையுங்கள். தாளின் அடியில் வந்தவர் பெயர், அதற்கு மேலே அப்பா அம்மா, அதற்கும் மேலே இரு பக்கத்துத் தாத்தா பாட்டிகள். அதற்கு மேல் பூட்டன் வரை போனால் பெரிய விஷயம். ஓட்டன், சேயோன் என்று வாட்ஸப்பில் சுற்றும் பட்டியலைக் காட்டி யாராவது கட்டம் கேட்டால், சிரித்துக்கொண்டே இன்னொரு தாளைக் கொடுத்துவிடுங்கள்.

நம் ஊர்ப் பெயர்களில் மூன்று சிக்கல்கள் உண்டு. ஒன்று, தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது. பேரன் என்ற சொல்லே பெயரன்தான். தாத்தா சுப்பையா, மகன் ஆறுமுகம், பேரன் மறுபடியும் சுப்பையா என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர் “சுப்பையா ரங்கூன் போனார்” என்றால் எந்தச் சுப்பையா? அதனால் பெயர் எழுதும்போதே பக்கத்தில் 1, 2, 3 என்று எண் போட்டுவிடுங்கள். பேசும்போதும் “ரெண்டாம் நம்பர் சுப்பையாவா?” என்று கேட்கலாம்.

இரண்டாவது, இனிஷியல். குடும்பப் பெயர் இல்லாத நமக்கு அதுதான் சங்கிலி. ‘சு. ஆறுமுகம்’ என்ற பெயரிலேயே முந்தைய தலைமுறையின் முதல் எழுத்து ஒளிந்திருக்கிறது. பெண்களிடம் மட்டும் கல்யாணத்துக்கு முந்தைய இனிஷியலைத் தனியாகக் கேளுங்கள். பல வீடுகளில் அதைக் கேட்டபிறகுதான் பாட்டிக்கு ஓர் ஊரும் ஒரு தகப்பனாரும் உண்டு என்பது பேரப்பிள்ளைகளுக்கு நினைவு வரும்.

மூன்றாவது, சொந்தத்தில் கல்யாணம். அக்கா மகளைக் கட்டியவர் ஒரே தாளில் அந்தப் பெண்ணின் அம்மாவுக்குத் தம்பியாகவும் அந்தப் பெண்ணுக்குக் கணவராகவும் வருவார். இரண்டு இடத்தில் எழுதாதீர்கள். ஒரே இடத்தில் எழுதி, சிவப்புப் பேனாவால் கோடு இழுத்துச் சேருங்கள்.

சாதிக்குக் கட்டம் வேண்டாம். பொது இடத்தில் பக்கத்து நாற்காலிக்காரர் காதில் விழக் கேட்கிற கேள்வி அல்ல அது. பூர்வீக ஊரைக் கண்டுபிடிக்க வேண்டுமா, “குலதெய்வம் எந்த ஊர்?” என்று கேளுங்கள். ஊரை விட்டுப் பல தலைமுறை ஆனாலும் அந்தப் பதில் பெரும்பாலும் மாறாது. கிறிஸ்தவக் குடும்பம் என்றால் முதல் ஞானஸ்நானம் எந்தச் சபையில், முஸ்லிம் குடும்பம் என்றால் நிக்காஹ் எந்த ஜமாஅத் பதிவேட்டில் என்று கேட்கலாம்.

படி 4: ஆண்டு மேசை

பெரியவர்கள் 1936 என்று சொல்லமாட்டார்கள். “தாது வருஷம்” என்பார்கள். அறுபது ஆண்டுப் பெயர்களை ஆங்கில ஆண்டோடு அச்சடித்துச் சுவரில் ஒட்டுங்கள். தாது என்றால் 1876, 1936, 1996 மூன்றும்தான். ஆளின் வயதை வைத்து ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். தாது வருஷப் பஞ்சத்தில் ஊரைவிட்டு வந்தவர்கள் என்று ஒரு வீட்டில் கதை இருந்தால், அது 1876இல் தொடங்கிய பெரும்பஞ்சம். தமிழ் ஆண்டு ஏப்ரலில் பிறப்பதால் ஒரு நுணுக்கம் உண்டு: 1936இல் பிறந்த தாதுவின் மாசி மாதம் 1937இல் விழும்.

நெல்லை, குமரிப் பக்கத்துப் பழைய பத்திரங்களில் கொல்லம் ஆண்டு, அதாவது மலையாள ஆண்டு, இருக்கும். ஆங்கில ஆண்டுக்கு, ஆவணியில் இருந்து டிசம்பர் வரை 824ஐக் கூட்டுங்கள், ஜனவரியில் இருந்து 825. கொல்லம் 1100 ஆவணி என்றால் 1924.

எந்த ஆண்டும் நினைவில்லாதவரிடம் நிகழ்ச்சியை வைத்துக் கேளுங்கள். “தனுஷ்கோடியைப் புயல் அடித்தபோது கையில் குழந்தை இருந்ததா?” அது 1964 டிசம்பர். பள்ளிச் சான்றிதழில் ஜூன் மாதப் பிறந்தநாளைப் பார்த்தால் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடுங்கள். பள்ளியில் சேர்க்க வாத்தியார் போட்ட தேதியாக இருக்கலாம்.

படி 5: போட்டோ மேசை

ஜன்னல் ஓரமாகப் போடுங்கள். நேர் வெயில் கூடாது, ஃபிளாஷ் கூடாது. செல்போனை நேர் மேலே பிடித்து முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் எடுக்க வேண்டும். ஸ்டூடியோ முத்திரையும் ஊரும் பின்பக்கத்தில்தான் இருக்கும். ஆல்பத்தில் ஒட்டிப்போன படத்தைப் பிய்க்காதீர்கள். எங்கள் பையன் ஒருவன் ஆர்வத்தில் பிய்த்து, ஒரு கல்யாண மாப்பிள்ளையின் பாதி முகம் அட்டையிலேயே தங்கிவிட்டது. அந்த வீட்டு அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. பெயர் எழுதுவதானால் பின்னால் மெல்லப் பென்சிலால் எழுதுங்கள், பால்பாயிண்ட் பேனா அழுந்தி முன்பக்கம் தெரியும். லேமினேஷன் செய்யவே வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள்.

படி 6: கடல் தாண்டியவர்கள்

எல்லோரிடமும் கேட்க வேண்டிய ஒரு கேள்வி: “உங்க வீட்டில் கொழும்பு, ரங்கூன், பினாங்கு, நேட்டால் போனவர் யார்?” 1860இல் சென்னையில் இருந்து ட்ரூரோ கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குப் போனது முதல், அந்த ஊர் இருக்கும் நேட்டாலுக்குப் போன ஒப்பந்தக் கூலிகளின் பட்டியல்களில் பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர் என எழுதிவைத்திருக்கிறார்கள். மொரீஷியஸ் போனவர்களின் குடியேற்ற ஆவணங்கள் அங்கே மோகாவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. 1964இல் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கைத் தோட்டங்களில் இருந்து திரும்பிய குடும்பங்களிடம் அந்தக் காலத்துப் பயண ஆவணங்கள் பெட்டிக்குள் இருக்கும். எந்தத் தோட்டம், எந்தக் கப்பல் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஃபேமிலிசர்ச் போன்ற இலவச இணையதளத்தில் தேடுவதை இளையவர்கள் பிறகு வீட்டில் செய்யட்டும்.

படி 7: சொல்லாததும் எழுதாததும்

இரண்டாம் தாரம், தத்து, ஓடிப்போய்க் கட்டிக்கொண்டது எல்லாம் வரத்தான் செய்யும். பெரியவர் குரலைத் தாழ்த்தினால் பேனாவை மூடுங்கள். “எழுதலாமா பாட்டி?” என்று கேட்டு, சரி என்றால் மட்டும் எழுதுங்கள். உயிரோடு இருப்பவர்களின் பிறந்த தேதியைச் சுவரில் ஒட்டும் தாளில் போடாதீர்கள். ஆதார் அட்டையை யாராவது நீட்டினால் பார்க்காமலே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

படி 8: இரண்டு வாரம் கழித்து

மூலத்தாள் குடும்பத்துக்கு. விருப்பப்பட்டவர்களின் நகலை மட்டும் நூலகத்தில் ஒரு கோப்பில் வைக்கலாம். பிறகு தாளை நன்றாக எழுதி, பெரிய எழுத்தில் நகலெடுத்து, பெரியவர் வீட்டுக்கே போய்க் கொடுங்கள். திருத்தம் கட்டாயம் இருக்கும். எங்கள் முன்வரிசைப் பாட்டி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, விரலால் ஒவ்வொரு பெயராகத் தொட்டு வந்து, ஓரிடத்தில் நிறுத்தினார். “இங்க ஒரு பிள்ளை இருந்துச்சு. மூணு மாசத்துல போயிருச்சு. அதையும் போடு.” அதற்கென்று தாளில் கொஞ்சம் இடம் விட்டு வையுங்கள்.