நிலக்கடலை வாடுகிறதா? விடிந்ததும் போய்ப் பாருங்கள்

கேரளாதானே, உங்களுக்கென்ன தண்ணீர்ப் பஞ்சம் என்பார்கள். மேற்கே கொட்டுகிற மழை, பாலக்காட்டுக்குக் கிழக்கே எங்கள் கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதிப் பக்கம் வந்து சேர்வதற்குள் தூறலாகிவிடும். காற்றுக்கு மட்டும் குறைவே இல்லை.

கடலை வாடுகிறதென்று மருந்துக்கடைக்கு ஓடுவதற்கு முன், விடிந்ததும் கடலைக் காட்டுக்குள் ஒரு நடை போங்கள். உச்சி வெயிலில் இலை மடங்குவது கடலையின் சுபாவம்; வெயில் தாழ்ந்ததும் விரிந்துவிடும். விடிகாலையிலும் மடங்கியே கிடந்தால் எதைத் தெளித்தும் பயனில்லை, போர்வெல்லில் வருகிற தண்ணீரை விட்டுத்தான் காப்பாற்ற வேண்டும். காலையில் விரிந்திருந்து, பத்து மணிக்கே மடங்கத் தொடங்குகிறதா? தெளிப்பில் இறங்க வேண்டிய கட்டம் அதுதான்.

நான் முதலில் எடுப்பது பொட்டாஷ், அதாவது சாம்பல் சத்து உரம். பத்து லிட்டர் டேங்குக்கு 100 கிராம். இலைத்துளை திறந்து மூடுவதற்குச் சாம்பல் சத்து வேண்டும். அது இருந்தால் செடி தண்ணீரை வீணாக விடாது. சிவப்புப் பொட்டாஷ் என்றால் பழைய வேட்டியில் வடிகட்டுங்கள், இல்லாவிட்டால் நாசில் அடைத்துக்கொள்ளும். பூக்கிற சமயமானால் கூடவே டிஏபி உரம் 200 கிராம்: முந்தின இரவே ஊறப்போட்டு, காலையில் மேலே தெளிந்த நீரை மட்டும் எடுக்க வேண்டும். எங்கள் மாமாவுக்கு எல்லாம் கைப்பிடிக் கணக்கு, தராசைக் கண்ணெடுத்தும் பார்க்கமாட்டார். அளவு கூடினால் இலை ஓரம் கருகும்.

அப்புறம் பிபிஎஃப்எம் என்கிற பாக்டீரியாக் கரைசல். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் கிடைக்கும். பத்து லிட்டருக்கு 100 மில்லி. இலை மேலேயே வாழ்கிற பாக்டீரியா இது. உயிருள்ளது, அதனால் பூச்சிமருந்தோடு கலக்காதீர்கள், மருந்தடித்த டேங்கைக் கழுவாமலும் ஊற்றாதீர்கள்.

கயோலின் என்கிற வெள்ளைக் களிமண்ணை 3 சதவீதம் கரைத்து அடிப்பவர்களும் உண்டு. வெயிலைத் திருப்பிவிடும், சரி. ஆனால் டேங்கின் அடியில் படிந்துகொண்டே இருக்கும், ஒரு மழைக்குக் கழுவிக்கொண்டும் போய்விடும். எனக்குப் பொறுமையில்லை.

சாயங்காலம் தெளிக்கச் சொல்வார்கள். ஆடிக் காற்றில் அடித்தால் பாதி பக்கத்துக் காட்டுக்குப் போய்விடும்; காற்று அடங்கியிருக்கிற விடிகாலைதான் இங்கே தோது. இலையின் அடிப்பக்கமும் நனையட்டும்.

காய் பிடிக்கப் பூவிலிருந்து மண்ணுக்குள் விழுது இறங்கும்போது மண் இறுகியிருந்தால் தெளிப்பு ஒன்றும் செய்யாது. கையில் ஒரே ஒரு தண்ணீர்தான் மிச்சமென்றால் அதை அந்த நாளுக்கு வைத்துக்கொண்டு, அதுவரை பொட்டாஷில் ஓட்டுங்கள்.