காய்ச்சல் எலியும் பயந்த எலியும்

பார்மசி கல்லூரிகளில் ஒரு மூலிகைச் சாறு வீக்கத்தைக் குறைக்கிறது என்று தெரிந்துவிட்டால் போதும், 'காய்ச்சலுக்கும் கேட்குமா, பார்ப்போம்' என்று ஈஸ்ட் சோதனைக்குப் போய்விடுவார்கள். பீர் காய்ச்சப் பயன்படும் ப்ரூவர்ஸ் ஈஸ்ட்டை உப்புக் கரைசலில் கலந்து எலியின் தோலுக்கடியில் போட்டால், சுமார் 18 மணி நேரத்தில் காய்ச்சல் வந்துவிடும். அப்புறம் மருந்தைக் கொடுத்து, மணிக்கொரு தடவை ஆசனவாய் வழியாகச் சூடு பார்க்க வேண்டும். அவ்வளவுதானே என்று தோன்றும்.

பழக்கமில்லாத எலியைப் பிடித்துத் தூக்கினாலே பயத்தில் அதற்குச் சூடு ஏறும், சில சமயம் ஒரு டிகிரி வரைகூட. ஈஸ்ட் ஏற்றுவதும் ஏறக்குறைய அந்த அளவுதான். எது காய்ச்சல், எது பயம் என்று பிறகு யார் சொல்வது? ஆகவே சோதனைக்குச் சில நாள் முன்பிருந்தே கையில் எடுத்து, தெர்மாமீட்டரை வைத்துப் பழக்குங்கள். ஒவ்வொரு தடவையும் ஒரே ஆழம் போக வேண்டும். தெர்மாமீட்டர் கம்பியில் அந்த ஆழத்துக்கு ஒரு துண்டு டேப் ஒட்டினால் தீர்ந்தது.

எல்லா எலிக்கும் காய்ச்சல் வராது. குறைந்தது இத்தனை டிகிரி ஏறியிருக்க வேண்டும் என்று முன்பே முடிவுசெய்து, ஏறாததை மருந்து கொடுப்பதற்கு முன்பே விலக்குங்கள். முடிவைப் பார்த்த பிறகு விலக்குவதற்குப் பெயர் வேறு.

பெரிய தவறு என்று நான் நினைப்பது, காய்ச்சல் இல்லாத எலிகளுக்கும் அதே மருந்தைக் கொடுத்துப் பார்க்காமல் விடுவது. ஆஸ்பிரின் வகை மருந்துகள், காய்ச்சலைத் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் உருவாவதைத் தடுக்கின்றன. அதனால் மூளை உயர்த்தி வைத்த வெப்ப இலக்கு கீழே இறங்குகிறது. வழக்கமான அளவில் அவை சாதாரண உடல் சூட்டைத் தொடுவதில்லை. உங்கள் சாறு நல்ல எலியையும் குளிரவைத்தால் அது காய்ச்சல் மருந்து என்று எப்படிச் சொல்வது? மயக்கத்தில் கிடக்கும் எலியும் குளிரும், விஷம் ஏறிய எலியும் குளிரும். ஒப்பிடுவதற்கு வைக்கும் பாராசிட்டமாலே சுண்டெலிக்கு அதிக அளவில் போனால் சாதாரணச் சூட்டைக் குறைத்துவிடும்.

சுண்டெலி என்றதும் இன்னொன்று. பாக்டீரியா நச்சான எல்.பி.எஸ் போட்டுக் காய்ச்சல் வரவழைக்கலாம் என்று இறங்குகிறவர்கள், சாதாரண அறை வெப்பத்தில் சுண்டெலியின் சூடு ஏறாமல் இறங்குவதைப் பார்த்துத் திகைப்பார்கள். அதற்கு 30 டிகிரியை ஒட்டிய அறை வேண்டும். நமக்கு இதமான ஏசி அறை அதற்குக் குளிர்.

மருந்துக் கரைசலை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு வயிற்றுக்குள் செலுத்தாதீர்கள். முதல் அரை மணி நேரச் சூட்டுக் குறைவில் மருந்தின் பங்கு எவ்வளவு, சில்லிட்ட தண்ணீரின் பங்கு எவ்வளவு என்று தெரியாமல் போகும்.