உங்கள் அடுக்ககம் எத்தனை மின்காரைத் தாங்கும்? அளந்து பார்க்கும் முறை

எல்லோரும் மின்கார் வாங்கிவிட்டால் கரண்ட் போதுமா என்று கேட்பவர்கள் மின் உற்பத்தியை நினைத்துத்தான் கவலைப்படுகிறார்கள். தினம் 30 கி.மீ. ஓடும் காருக்குச் சார்ஜர் இழப்பும் சேர்த்து 5 யூனிட் போதும். இரவெல்லாம் ஓடும் ஏசியே அவ்வளவு இழுக்கும். சிக்கல் நேரத்தில் இருக்கிறது. எல்லா ஏசியும் ஓடும் இரவு 10 மணிக்கு எல்லாக் காரையும் செருகினால் முதலில் திணறுவது உங்கள் மெயின் கேபிளும் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரும்தான்.

மே மாதத்தில் ஒருநாள் எலக்ட்ரீஷியனை டாங் டெஸ்டரோடு (கம்பியைக் கவ்விப் பிடித்து ஆம்பியர் காட்டும் கருவி) வரச்சொல்லுங்கள். மெயின் பேனலில் ஆர், ஒய், பி மூன்று பேஸிலும் நியூட்ரலிலும் ஓடும் ஆம்பியரை இரவு 10 மணிக்கும் அதிகாலை 3 மணிக்கும் குறிக்கட்டும். ஜனவரியில் எடுத்த அளவு இதற்கு உதவாது.

24 வீடுகள், 125 ஆம்பியர் எம்சிசிபி (சுமை மீறினால் மொத்தக் கட்டடத்துக்கும் மின்சாரத்தைத் துண்டிக்கும் மெயின் பிரேக்கர்) என்று வைத்துக்கொள்வோம். மணிக்கணக்கில் ஓடும் சுமையை 80 சதவீதத்தோடு நிறுத்துவது நல்லது. அதாவது பேஸுக்கு 100. இரவு 10 மணிக்கு ஆர் 92, ஒய் 70, பி 61 காட்டினால் மிச்சம் 8, 30, 39. 3.3 கிலோவாட் சார்ஜர் 14.5 ஆம்பியர் இழுக்கும். ஆர் பேஸில் ஒன்றுகூட முடியாது, மற்ற இரண்டிலும் இரண்டிரண்டு: மொத்தம் 4 கார். 3 மணிக்கு அதுவே 60, 55, 50 என்று இறங்கினால் ஒரே நேரத்தில் 8 கார் ஏற்றலாம். ஒரு காருக்கு ஒன்றரை மணி நேரம்தான். 3 முதல் 6 வரை இரண்டு முறையாகப் பிரித்தால் 16 கார். கேபிள் அதேதான். காரிலோ சார்ஜரிலோ டைமர் வைத்தால் போதும். தானாகச் சுமையைப் பங்கிடும் சார்ஜர்கள் இன்னும் வசதி, விலைதான் கூடுதல்.

புது சார்ஜரை எந்த பேஸில் போடுவது என்பதை எலக்ட்ரீஷியனின் வசதிக்கு விடாதீர்கள். எல்லாவற்றையும் ஒரே பேஸில் கட்டினால் நியூட்ரல் சூடாகும்; அதன் இணைப்பு விட்டுப்போனால் சில வீடுகளில் 300 வோல்ட்டுக்கு மேல் ஏறி டிவி, ஃபிரிட்ஜ் எல்லாம் போய்விடும்.

தெரு டிரான்ஸ்ஃபார்மரின் நிலையை வோல்டேஜே சொல்லிவிடும். 230 வோல்ட்டுக்கு 6 சதவீதம் கூடக் குறைய இருக்கலாம். 216-க்குக் கீழே போனால் சார்ஜர் போடுமுன் மின்வாரியத்தில் எழுதிக் கொடுங்கள். அனுமதிக்கப்பட்ட மின்பளுவைத் தாண்டுவதானால் கூடுதல் பளுவுக்கு விண்ணப்பம் தனி.

ஒவ்வொரு 3.3 கிலோவாட் சார்ஜருக்கும் 4 சதுர மி.மீ. செம்புக் கம்பி, 20 ஆம்பியர் எம்சிபி (சுமை மீறினால் விழும் சுவிட்ச்), 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு இருந்தால் விழும் சுவிட்ச்), நல்ல எர்த் வேண்டும். 7.4 கிலோவாட் என்றால் கம்பி 6 சதுர மி.மீ.; தூரம் கூடினால் 10. அயர்ன் பாக்ஸுக்குப் போட்ட பழைய பாயிண்ட்டில் செருகவே வேண்டாம். முதல் வாரம், சார்ஜ் ஏறத் தொடங்கி ஒரு மணி நேரம் கழித்து பிளக்கின் மேல்புறத்தைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் சாக்கெட்டையே மாற்றுங்கள். ஸ்குரூவை இறுக்கி ஒப்பேற்றினால் ஒரு மாதத்தில் மறுபடி கருகும்.