சட்டத்தை எதிர்த்து ரிட் மனு எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இளம் வழக்கறிஞர்கள் எழுதிக் கொண்டுவரும் மனுக்களைத் திருத்தும்போதெல்லாம், என்னுடைய பழைய மனுக்களையே மறுபடி படிப்பதுபோல் இருக்கிறது. வக்காலத்துக் குறை, பக்க எண் பிழை போன்றவற்றைப் பதிவகமே சுட்டிக்காட்டித் திருப்பிவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

சாதாரணச் சட்டத்தின்மீது ‘அடிப்படைக் கட்டமைப்பை’ ஏவுவது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். 1973இல் கேசவானந்த பாரதி வழக்கில் 13 நீதிபதிகள் 7க்கு 6 என்ற கணக்கில் வகுத்த, அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பைத் திருத்தத்தாலும் சிதைக்கக் கூடாது என்ற இக்கோட்பாடு, நாடாளுமன்றம் அரசமைப்பையே திருத்தும்போது அந்த அதிகாரத்துக்கு வரம்பு கட்டுவதற்காகப் பிறந்தது. சாதாரணச் சட்டத்தை அளக்கும் கோல்கள் வேறு: அதை இயற்றும் அதிகாரம் அந்த அவைக்கு உண்டா, அடிப்படை உரிமையையோ அரசமைப்பின் வேறு விதியையோ அது மீறுகிறதா என்பவையே அவை.

நான் ஒரு மாநிலச் சட்டத்தை எதிர்த்து எழுதிய மனுவில் ஜனநாயகம், சட்டத்தின் ஆட்சி என்று பதினொரு பக்கங்கள் இருந்தன. சமத்துவ உரிமை தரும் 14ஆவது கூறுக்குக் கிடைத்தது ஒரே பத்தி. எந்தக் கூறு மீறப்பட்டது என்று நீதிபதி கேட்டபோது, “அரசமைப்பின் ஆன்மா” என்றேன். “ஆன்மாவுக்கு எண் உண்டா?” என்றார். மனு தள்ளுபடியானது. யாரோடு ஒப்பிட்டுப் பாகுபாடு என்கிறோம் என்ற விவரமே மனுவில் இல்லாததால், மேல்முறையீட்டிலும் அதைச் சரிசெய்ய முடியவில்லை. என் சொல்லலங்காரத்துக்குக் கட்சிக்காரர் விலை கொடுத்தார்.

உயர் நீதிமன்றங்களும் இதில் சறுக்கியதுண்டு. உத்தரப் பிரதேச மதரஸா கல்வி வாரியச் சட்டத்தைச் சமயச்சார்பின்மைக்கு முரணானது என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் 2024 மார்ச்சில் ரத்து செய்தது. அடிப்படைக் கட்டமைப்பு மீறல் என்ற காரணத்துக்காக மட்டும் ஒரு சட்டத்தைச் செல்லாததாக்க முடியாது, அரசமைப்பின் எந்த விதி மீறப்பட்டது என்று காட்ட வேண்டும் என்று கூறி, உச்ச நீதிமன்றம் நவம்பரில் அத்தீர்ப்பை மாற்றியது. உயர்கல்விப் பட்டங்கள் பற்றிய பகுதி மட்டும் வீழ்ந்தது. அதுவும் மாநிலத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என்பதால்.

ஒன்பதாவது அட்டவணையைக் கண்டதும் பின்வாங்குவது

அடிப்படை உரிமை மீறல் என்ற வாதத்திலிருந்து சட்டங்களைக் காக்கும் அரசமைப்பின் பட்டியல் இது. ஆனால் கூடலூரின் ஜன்மம் என்ற பரம்பரை உரிமை நிலங்களிலிருந்து கிளம்பிய கோயல்ஹோ வழக்கில், கேசவானந்த பாரதி தீர்ப்பு வந்த 1973 ஏப்ரல் 24க்குப் பின் அந்த அட்டவணையில் சேர்க்கப்பட்ட சட்டங்களை ஆராயலாம் என்று 9 நீதிபதிகள் 2007இல் தீர்ப்பளித்தனர். அட்டவணையில் சேர்ப்பதே அரசமைப்புத் திருத்தம் என்பதால், மேலே நான் வேண்டாமென்ற கோட்பாடு இங்கே பொருந்தும். (தமிழ்நாட்டின் 69 விழுக்காடு இடஒதுக்கீட்டுச் சட்டம் அதில் சேர்ந்தது 1994இல்.)

ஆண்டைப் பாராமல் தீர்ப்பைக் காட்டுவது

தன்னிச்சையானது என்பதற்காக மட்டும் சட்டத்தை ரத்து செய்ய முடியாது என்ற 1996ஆம் ஆண்டு மெக்டவல் தீர்ப்பை இன்றும் எடுத்து வருகிறார்கள். வெளிப்படையாகத் தன்னிச்சையான சட்டத்தை ரத்து செய்யலாம் என்ற 2017ஆம் ஆண்டு முத்தலாக் தீர்ப்பைப் படித்துவிட்டு வாருங்கள்.

இடைக்காலத் தடை நிச்சயம் என்று கட்சிக்காரரிடம் சொல்வது

சொல்லாதீர்கள், சட்டம் செல்லும் என்ற அனுமானத்தோடுதான் நீதிமன்றம் தொடங்கும்.